கைட்டோசான் பூச்சு

கைட்டோசான் பூச்சு என்பது உலோகங்களை அரிமானத்திலிருந்து காக்கும் இயற்கைப் பல்லுறுப்பிப் பூச்சுகளுள் ஒன்றாகும். இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளில் உள்ள கைட்டினைக் காரத்துடன் வினைப்படுத்திக் கைட்டோசான் பெறப்படுகிறது.

தன்னைச் சீராக்கும் விதம்

விமானங்களில் பயன்படும் 2024 வகை அலுமினியக் கலப்புலோகத்தின் மீது இடும்போது, இப்பூச்சில் சீரியம் அயனிகள் சேர்க்கப்படுவதுண்டு. பூச்சில் கீறல் விழுந்து அரிமானம் தொடங்கினால், எதிர்மின்வாய்ப் பகுதிகளில் காரத்தன்மை உயரும். பூச்சிலிருந்து வெளியேறும் சீரியம் அயனிகள் அங்கு கரையாத ஐதராக்சைடாகப் படிந்து அரிமானத்தைத் தடுக்கின்றன. கீறல் மறைவதில்லை, இழந்த பாதுகாப்பே மீள்கிறது.

தேவையும் குறையும்

குரோமேட்டுப் பூச்சுகளும் இவ்வாறு தம்மைச் சீராக்குபவை. ஆயினும் அவற்றிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை விளைவிக்கும். கைட்டோசானுக்கு அத்தீங்கு இல்லை. எனினும் அது நீரை உறிஞ்சுவதால், அதன்மேல் நீரைத் தடுக்கும் மற்றொரு பூச்சும் தேவைப்படுகிறது.