போர்டு கம்பெனி போனாலும் கார் ஓடுது! மெக்கானிக் கையில் லேப்டாப்: பழைய கார் வாங்குறவங்க ஏமாறாமல் தப்புவது எப்படி?

மறைமலைநகர்,

மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையில் நாலு கார் டிரைவர்கள் சேர்ந்தால் போதும். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் போர்டு கம்பெனியில் வந்து நிற்கும்.

"கம்பெனியே கடையை மூடிட்டு போயிடுச்சு. இனிமே இந்த வண்டியை வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்று ஒருவர் புலம்புவார். "அட போங்கண்ணே, லேப்டாப்பை மாட்டினா வண்டியோட ஜாதகமே வந்துடும். இதுக்கு போய் கவலைப்படுறீங்களே" என்று அடுத்தவர் தேற்றுவார்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரியாமல் காரை அடிமாட்டு விலைக்கு விற்றவர்களும் உண்டு. லேப்டாப்பை நம்பி ஓட்டை வண்டியை வாங்கி கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

கம்பெனி ஏன் போனது?

அமெரிக்காவைச் சேர்ந்த போர்டு நிறுவனம் 1990-களின் மத்தியில் மகிந்திரா நிறுவனத்துடன் கூட்டு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. முதலில் எஸ்கார்ட் காரை விற்றது. பிறகு மறைமலைநகரில் சொந்தமாக தொழிற்சாலை அமைத்தது. 1999-ல் ஐகான் கார் வந்தது. 2013-ல் வந்த எக்கோஸ்போர்ட் சக்கைப்போடு போட்டது.

வருடத்துக்கு 2 லட்சம் கார், 3 லட்சத்து 40 ஆயிரம் என்ஜின் செய்யும் அளவுக்கு சென்னை தொழிற்சாலை பெரியது. இங்கே செய்த எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலில் போனது.

ஆனால் கணக்கு உதைத்தது. குஜராத் மாநிலம் சனந்தில் இன்னொரு தொழிற்சாலையும் கட்டிய பிறகு, இரண்டு இடத்திலும் முழு அளவுக்கு வேலை இல்லை. மாருதி, ஹூண்டாய் கார்களின் விற்பனைக்கு முன்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

10 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கூறி, 2021-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந்தேதி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக போர்டு அறிவித்தது. இரண்டு தொழிற்சாலையிலும் சேர்த்து சுமார் 4 ஆயிரம் பேரின் வேலை கேள்விக்குறியானது.

2022-ல் இழப்பீட்டை உயர்த்தித் தரச் சொல்லி மறைமலைநகரில் தொழிலாளர்கள் போராட்டம் நடத்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. சனந்த் தொழிற்சாலையை டாடா நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. கார் செய்யும் வேலை நின்றதே தவிர, கம்ப்யூட்டர் வேலை நிற்கவில்லை. போர்டின் உலக அலுவலகப் பணிகளைக் கவனிக்க 2024-ம் ஆண்டு கணக்குப்படி தமிழ்நாட்டில் 12 ஆயிரம் பேர் இருந்தார்கள். ஸ்பேனர் பிடித்தவருக்கு வேலை போனது. கீபோர்டு பிடித்தவருக்கு வேலை இருந்தது.

காருக்குள் கம்ப்யூட்டர்

அம்பாசிடர், பழைய மாருதி 800 காலத்தில் மெக்கானிக்குக்கு காதும் கையும்தான் கருவி. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்வார்கள். ஒரு ஸ்குரூ டிரைவர் போதும், கார்புரேட்டரை திருகி சரி செய்துவிடுவார்கள்.

புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் கார்புரேட்டர் போய், அந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது ஸ்பார்க் கொடுக்க வேண்டும் என்று அதுதான் முடிவு செய்கிறது. மெக்கானிக்குகள் இதை 'இ.சி.எம்.' என்கிறார்கள்.

என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று இப்போதைய காரில் பல குட்டி கம்ப்யூட்டர்கள் உள்ளன. ஏதாவது கோளாறு என்றால் அது ஒரு கோடு எண்ணை பதிவு செய்து வைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் மஞ்சள் லைட்டைப் போடும். டிரைவர்கள் இதற்கு வைத்த பெயர் 'செக் லைட்'.

அந்த எண்ணைப் படிக்க ஸ்டீயரிங்குக்கு கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். பெயர் ஓ.பி.டி. அமெரிக்காவில் 1996 முதலே எல்லா கார்களுக்கும் இது கட்டாயம். பிறகு இந்தியாவுக்கும் வந்தது.

லேப்டாப் வைத்தியம்

முன்பு இந்த சாக்கெட்டில் மாட்டும் கருவியும் சாப்ட்வேரும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டுமே இருந்தன. வெளி மெக்கானிக்குக்கு அது எட்டாக்கனி.

இப்போது நிலைமை வேறு. தீப்பெட்டியைவிட கொஞ்சம் பெரிதான புளூடூத் கருவி ஆன்லைனிலேயே கிடைக்கிறது. செல்போனில் ஒரு ஆப் போட்டால் பொதுவான கோடு எண்களைப் படித்துவிடலாம்.

போர்டு கார்களுக்கென்றே 'போர்ஸ்கேன்' என்று ஒரு சாப்ட்வேர் உள்ளது. இது போர்டு கம்பெனி வெளியிட்டது அல்ல. உலகம் முழுக்க போர்டு கார் பிரியர்களும் வெளி மெக்கானிக்குகளும் இதைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண ஆப் காட்டாத பிரேக், ஏர்பேக், கியர்பாக்ஸ் கோளாறுகளையும் இது காட்டும்.

கம்பெனி உற்பத்தியை நிறுத்திய பிறகும் தைரியமாக போர்டு காரை வைத்திருப்பவர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. கார் பிரியர்கள் கூடும் இடத்தில் மைலேஜ் பேச்சைவிட "உன் வண்டியில என்ன கோடு வந்துச்சு?" என்ற பேச்சுதான் அதிகம்.

கோடு வந்தால் பார்ட்ஸ் மாற்றணுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோடு எண் நோயின் அறிகுறியைத்தான் சொல்லும். மருந்தைச் சொல்லாது. காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் காட்டும். மலேரியாவா, டைபாய்டா என்று டாக்டர்தானே கண்டுபிடிக்க வேண்டும்?

உதாரணத்துக்கு 'பி 0420' என்ற கோடு. சைலன்சர் பைப்பில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது இதன் அர்த்தம். கன்வெர்ட்டர் விலை உயர்ந்த சமாச்சாரம். "மாத்தியே ஆகணும்" என்று சொன்னால் மாதச் சம்பளமே காலி.

ஆனால் பைப்பில் சின்ன லீக் இருந்தாலும், ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும் இதே கோடு வரலாம். அதை முதலில் பார்த்துவிட்டு பிறகு கன்வெர்ட்டருக்கு போவதுதான் முறை.

அதேபோல தேய்ந்த கிளட்சை எந்த சாப்ட்வேரும் புதுசாக்காது. அமெரிக்காவில் பியஸ்டா, போக்கஸ் கார்களின் 'பவர்ஷிப்ட்' ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உதறுகிறது என்று புகார் கிளம்பியது. சாப்ட்வேரை மாற்றிப் பார்த்தும் பிரச்சினை தீரவில்லை. கடைசியில் கோர்ட்டு வரை போய் 2020-ல் சமரசம் ஆனது.

புதுப்பேட்டை பார்ட்ஸ் பொருந்துமா?

உதிரி பாகமும் சர்வீசும் தொடர்ந்து தருவோம் என்று போர்டு அறிவித்திருந்தது. அவசரத்துக்கு கிடைக்காத பார்ட்சுக்கு சென்னைக்காரர்கள் ஓடுவது புதுப்பேட்டைக்குத்தான். பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகள் அங்கே வரிசையாக உள்ளன.

கதவு, கண்ணாடி, ஹெட்லைட் என்றால் கவலை இல்லை. வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் இ.சி.எம்., மீட்டர் போர்டு போன்ற கம்ப்யூட்டர் பாகங்களை அப்படி மாட்ட முடியாது.

திருட்டைத் தடுக்க சாவியும் காரின் கம்ப்யூட்டரும் ரகசிய எண்ணால் இணைக்கப்பட்டிருக்கும். வேறு கார் இ.சி.எம்.-ஐ மாட்டினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. சாப்ட்வேர் மூலம் இரண்டையும் பழக்கப்படுத்த வேண்டும். எனவே பார்ட்ஸ் வாங்கும் முன்பே "இதை கோடிங் பண்ணித்தர ஆள் இருக்கா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுவது நல்லது.

சாப்ட்வேரே பொய் சொன்ன கதை

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் ஜெர்மனி போக்ஸ்வேகன் விவகாரத்தை தெரிந்துகொள்ள வேண்டும்.

2015-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு இந்த மோசடியை அம்பலப்படுத்தியது. டீசல் கார்களின் கம்ப்யூட்டரில் ஒரு தந்திர சாப்ட்வேர் இருந்தது. சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஸ்டீயரிங் திரும்பவில்லை என்றால் 'இது புகை சோதனை' என்று அது புரிந்துகொள்ளும். உடனே நல்ல பிள்ளையாக புகையைக் குறைத்துவிடும்.

சோதனை முடிந்து ரோட்டுக்கு வந்ததும் பழைய குணம் திரும்பிவிடும். அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு நச்சு வாயுவைக் கக்கியது தெரியவந்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள் இதில் சிக்கின. கம்பெனி தலைவர் மார்ட்டின் விண்டர்கோர்ன் பதவி விலகினார்.

இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தேசிய பசுமை தீர்ப்பாயம் 2019-ல் ரூ.500 கோடி அபராதம் விதித்தது. சுப்ரீம் கோர்ட்டு அந்த நடவடிக்கைக்கு தடை விதித்தது.

இவ்வளவு பெரிய கம்பெனியே சாப்ட்வேரை வைத்து ஏமாற்றியிருக்கிறது. பழைய கார் விற்பவர் ஏமாற்ற மாட்டாரா என்ன?

வாங்கும் முன் பாருங்க!

சேர்த்து வைத்த பணத்திலோ, வட்டிக்கு வாங்கியோ பழைய கார் வாங்கி கால் டாக்சி ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* சாவியை 'ஆன்' செய்ததும் செக் லைட் எரிய வேண்டும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். ஆன் செய்தபோது எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க லைட்டையே பிடுங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

* விற்பதற்கு சற்று முன் லேப்டாப்பில் கோடு எண்களை அழித்துவிடுவது ஒரு தந்திரம். ஸ்கேனரில் 'ரெடினஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்ததா என்று அது காட்டும். பலவற்றில் 'நாட் ரெடி' என்று வந்தால், சமீபத்தில் அழித்திருக்கலாம். பேட்டரியை கழற்றி மாட்டினாலும் இப்படி வரும். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடியும் பார்த்து வாங்கலாம்.

* கிலோ மீட்டரையும் சாப்ட்வேர் மூலம் குறைக்க முடியும். மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பழைய சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் தாள்களில் உள்ள கிலோ மீட்டரோடு ஒப்பிட வேண்டும். 40 ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியது என்பார்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு இடிக்கிறது என்று அர்த்தம்.

* 'இழுவை ஏத்தித் தர்றோம்' என்று சாப்ட்வேரை மாற்றிய வண்டி என்றால் உஷார். புகையும் கூடலாம், கியர்பாக்சும் கிளட்சும் சீக்கிரம் போகலாம். இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கலும் வரலாம்.

எந்த லைட்டுக்கு நிறுத்தணும்?

செக் லைட் மஞ்சளாக நிலையாக எரிந்தால் பயப்பட வேண்டாம். மெதுவாக ஓட்டிச் சென்று மெக்கானிக்கிடம் காட்டலாம். மினுக் மினுக் என்று மின்னினால் என்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவது நல்லது.

சிவப்பு நிறத்தில் ஆயில் லைட்டோ, சூட்டைக் காட்டும் லைட்டோ எரிந்தால் ஒரு கிலோ மீட்டர்கூட ஓட்டக் கூடாது. சவாரி போனால் போகட்டும். என்ஜின் பிடித்துவிட்டால் வண்டி விலையில் பாதி போய்விடும்.

பி.எஸ்.6 டீசல் காரில் புகைக் கரியைப் பிடிக்கும் பில்டர் இருக்கும். ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன சவாரியாக ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அந்த லைட் வந்தால் உடனே அழிக்கச் சொல்லக் கூடாது. ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி நல்ல ரோட்டில் நிற்காமல் கொஞ்ச தூரம் ஒரே சீராக ஓட்டினால் கரி எரிந்து தானாக சுத்தமாகும். அப்போதும் அணையவில்லை என்றால்தான் லேப்டாப் தேவை.

மறுபடியும் வருது போர்டு

மூடிய தொழிற்சாலையில் மீண்டும் வேலை தொடங்க விருப்பம் தெரிவித்து 2024-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசிடம் போர்டு கடிதம் கொடுத்தது. 2025-ம் ஆண்டு அக்டோபர் 31-ந்தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ரூ.3,250 கோடி முதலீட்டில் புது வகை என்ஜின்கள் தயாரிக்கும் திட்டம் இது. 2029-ல் உற்பத்தியைத் தொடங்க இலக்கு வைக்கப்பட்டுள்ளது.

600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்று அறிவித்துள்ளனர். பழைய ஆட்களில் எத்தனை பேருக்கு அழைப்பு வரும் என்பதுதான் மறைமலைநகர் டீக்கடைகளில் இப்போது கேட்கிற கேள்வி.

ஆனால் அங்கே தயாராகப் போவது ஏற்றுமதிக்கான என்ஜின்தான். இந்திய ரோட்டில் ஓட புது போர்டு கார் வரும் என்று அந்த ஒப்பந்தத்தில் இல்லை. எனவே "போர்டு திரும்பி வருது, விலை ஏறப்போகுது" என்று சொல்லி பழைய காரை யாராவது தலையில் கட்டப் பார்த்தால், முதலில் ஸ்கேனரை மாட்டி பார்த்துவிட்டு பிறகு பேரம் பேசலாம்.