ஒன்றாக ஆடியவை திடீரென்று பிரிவது ஏன்?

1665-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஹாலந்து நாட்டில், ஹேக் நகரில், ஒருவர் நோயுற்றுப் படுத்திருந்தார். சில நாட்களாக அவரால் வெளியே போக முடியவில்லை.

அவர் பெயர் கிறிஸ்டியன் ஹைகன்ஸ். பெரிய விஞ்ஞானி. 1656-ல் ஊசல் கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

அறையில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஹைகன்ஸ் அவற்றைப் பார்த்தார். ஒரு ஊசல் இடப்பக்கம் போனால், அதே நொடியில் மற்றது வலப்பக்கம் போயிற்று. இம்மியும் பிசகவில்லை!

வேண்டுமென்றே ஒன்றின் ஆட்டத்தைக் கலைத்தார். அரை மணி நேரத்தில் பழைய ஒற்றுமை திரும்பி வந்துவிட்டது. என்ன அதிசயம்!

தூது போனது எது?

காற்றுதான் காரணமோ என்று ஹைகன்ஸ் சந்தேகித்தார். நடுவே ஒரு பலகையை வைத்து மறைத்தார். ஒற்றுமை கெடவில்லை.

இரண்டையும் தூரத்தில் பிரித்து வைத்தார். ஒற்றுமை போய்விட்டது. ஒரே நாளில் 5 வினாடி வித்தியாசம் வந்தது.

முடிவில் உண்மை தெரிந்தது. இரண்டு கடிகாரங்களும் ஒரே மரச் சட்டத்தில் தொங்கியிருந்தன. ஊசல் ஆடும்போது சட்டமும் கண்ணுக்குத் தெரியாமல் அசைந்தது. அந்த அசைவுதான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தூது போயிற்று!

அடங்காத ஆட்டம்

ஊசல் ஒழுங்காக ஆடுவது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஆடும். ஆனால் எல்லா ஆட்டமும் அப்படி அல்ல.

1961-ல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ், வானிலைக் கணக்கு ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டார். 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். மிகச் சிறிய வித்தியாசந்தானே?

தொடக்கத்தில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே சென்றன. போகப் போக வித்தியாசம் பெருகியது. கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது!

இத்தகைய ஆட்டத்துக்குக் ‘கேயாஸ்’ என்று பெயர். இதில் இரண்டை ஒன்றாக ஆட வைக்க முடியுமா? கடுகளவு வித்தியாசமே போதுமே, பிரிந்துவிட!

முடியும் என்று 1990-ல் காட்டினார்கள், அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த லூயிஸ் பெக்கோராவும் தாமஸ் கேரலும். ஒன்றின் ஆட்டத்தை இடைவிடாமல் மற்றொன்றுக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்தால் போதும். இரண்டாவது முதலாவதைப் பின்பற்றி ஆடும்.

ரகசியச் செய்தி

இதனால் என்ன பயன்?

ஒழுங்கற்ற மின்சார அலைக்குள் பேச்சை ஒளித்து அனுப்பலாம். இடையில் கேட்பவருக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும். சேரும் இடத்தில் ஒத்து ஆடும் கருவி ஒன்று இருந்தால், இரைச்சலைக் கழித்துவிட்டுப் பேச்சை எடுக்கலாம். 1993-ல் கெவின் குவோமோ, ஆலன் ஓப்பன்ஹைம் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள்.

ஆனால் ஒற்றுமை நடுவே குலைந்தால்? செய்தியும் குலைந்துவிடும்!

சராசரியை நம்பலாமா?

1996-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், டேனியல் கோத்தியர், ஜோஷுவா பியன்ஃபாங் இருவரும் இரண்டு மின்சாரக் கருவிகளை இணைத்துப் பார்த்தார்கள். கருவிகள் நெடுநேரம் ஒன்றாக ஆடின. திடீரென்று பிரிந்தன. சற்று நேரத்தில் மறுபடியும் சேர்ந்தன. இப்படியே விட்டு விட்டு நடந்தது.

காரணம் என்ன? வித்தியாசம் சராசரியில் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் ஆட்டத்தின் சில கட்டங்களில் மட்டும் அது பெருகியது. அந்தச் சமயத்தில் ஒரு சிறு சலனம் போதும், ஒற்றுமை குலைந்துவிடும்.

ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று நம்பி இறங்குகிறவன், நடுவில் உள்ள மடுவில் விழுவது போலத்தான் இது!

முளையிலேயே கிள்ளினார்கள்

அந்த மடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தப்பிக்கலாம் அல்லவா?

2013-ல் கோத்தியரும், பிரேசில் முதலிய நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து அதைச் செய்தார்கள். பெரிய பிரிவு வருவதற்கு முன், ஆட்டம் ஒரு குறிப்பிட்ட நிலைக்கு அருகே வருவதைக் கண்டார்கள். இந்தப் பெரிய பிரிவுகளுக்கு ‘டிராகன் ராஜா’ என்று பெயர்!

ஆட்டம் அந்த நிலையை நெருங்கும்போது மட்டும் மிகச் சிறிய திருத்தம் ஒன்றைக் கொடுத்தார்கள். டிராகன் ராஜா வரவில்லை!

பூகம்பத்தையும் பங்குச் சந்தை வீழ்ச்சியையும் இப்படியே தடுத்துவிடலாம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. இது இரண்டு சிறு கருவிகளில் நடந்த சோதனை.

என்றாலும் ஒன்று தெரிந்துவிட்டது. திடீரென்று வருவதாகத் தோன்றும் பெரிய பிளவுக்கும் முன் அடையாளம் இருக்கலாம். அதைக் கவனித்தவனுக்கு, தடுக்கப் பெரிய பலம் தேவையில்லை. சமயத்தில் ஒரு சிறு தொடுதலே போதும்.