‘எனக்கு ஆரக்கிள் மட்டும்தாங்க தெரியும்!’ - டேட்டாபேஸ் மாறினால் டெவலப்பர்கள் பயப்படணுமா?

சரவணம்பட்டி பேக்கரிகளில் சாயந்திரம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்க. ஐ.டி கார்டைக் கழட்டாமலே டீ குடிக்கிற கூட்டம். ஆன்சைட், அப்ரைசல் பேச்சுக்கு நடுவில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “அடுத்து என்னத்தைங்க படிக்கிறது?”

பயத்துக்குக் காரணம் இருக்கு. 2025 ஜூலையில் டி.சி.எஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. பாதிப்பு பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களுக்கு. வீட்டுக்கடன் இ.எம்.ஐ, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் தலைமேல் இருக்கிற வயசு. பத்து வருஷமா ஆரக்கிள் மட்டுமே பார்த்த ஒருத்தருக்கு, வேலை விளம்பரத்தில் ‘போஸ்ட்கிரெஸ், மாங்கோ டிபி, வெக்டர் டேட்டாபேஸ்’ என்று வரிசையாகப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனா, மூணையும் தனித்தனியா முதலில் இருந்து படிக்க வேண்டியதில்லை. ஏன்னு பார்க்கலாம்.

ஒரு பனியன் கம்பெனி கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பார்ட்டி விவரம் ஒரு நோட்டு, ஆர்டர் ஒரு நோட்டு, வரவு ஒரு நோட்டு. ஆர்டர் நம்பரை வைத்து மூன்றையும் இணைத்துப் பார்க்கலாம். இதுதான் ரிலேஷனல் டேட்டாபேஸ். ஐ.பி.எம்-மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970-ல் முன்வைத்த யோசனை. ஆரக்கிள், மை எஸ்.க்யூ.எல், போஸ்ட்கிரெஸ் எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

அதே கம்பெனியில் டி-ஷர்ட்டுக்குப் பிரின்ட் விவரம் வேணும், ஜட்டிக்கு எலாஸ்டிக் விவரம் வேணும். ஒரே கட்டத்துக்குள் அடைக்காமல், ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஃபைல் போட்டால் அது டாக்குமென்ட் டேட்டாபேஸ். 2009-ல் வந்த மாங்கோ டிபி இந்த வகை.

பையர் ஒரு போட்டோ அனுப்பி, “இதே மாதிரி டிசைன் இருக்கா?” என்கிறார். ‘இதே மாதிரி’ என்பதை நோட்டில் தேட முடியாது. ஏ.ஐ மாடல் ஒவ்வொரு போட்டோவையும் எண்களின் வரிசையாக மாற்றித் தரும். அதில் நெருக்கமான எண்களைத் தேடுவதுதான் வெக்டர் சர்ச்.

ஒரே கதவு போதும்

கம்பெனிகள் மாற முக்கியக் காரணம், லைசென்ஸ் செலவு. அமேசான் தன் நுகர்வோர் பிசினஸில் இருந்த சுமார் 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களைக் காலி செய்துவிட்டதாக 2019-ல் அறிவித்தது. போஸ்ட்கிரெஸுக்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2023 சர்வேயில் டெவலப்பர்கள் அதிகம் பயன்படுத்தும் டேட்டாபேஸாக வந்ததும் அதுதான். சுவாரஸ்யம் என்னன்னா, இந்த ‘புது’ டெக்னாலஜி பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 1986-ல். உங்களைவிட மூத்தது!

டாக்குமென்ட் வகை டேட்டாவுக்கு இதிலேயே ‘ஜேசன்பி’ இருக்கு. வெக்டர் தேடலுக்கு ‘பிஜிவெக்டர்’ என்ற இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கு. எஸ்.க்யூ.எல் தெரிஞ்சவங்க போஸ்ட்கிரெஸுக்குள் நுழைஞ்சா, மற்ற ரெண்டுமே பக்கத்து ரூம்தான்.

எங்கே வழுக்கும்?

ஜாயின், இண்டெக்ஸ், டிரான்ஸாக்‌ஷன்... இந்த அறிவு அப்படியே கைகொடுக்கும். ‘என்.வி.எல்’ எழுதின இடத்தில் ‘கோயலெஸ்’ எழுதணும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிடும்.

உண்மையான பள்ளம் வேற. ஆரக்கிளில் வெற்று எழுத்தும் ‘நல்’லும் ஒண்ணு. போஸ்ட்கிரெஸில் ரெண்டும் வேற வேற. ‘போன் நம்பர் இல்லாத கஸ்டமர்கள் எத்தனை பேர்?’ என்ற பழைய குவெரி, எர்ரரே காட்டாமல் தப்பான எண்ணிக்கையைத் தரலாம். அடுத்தது ‘வேக்கும்’. ஒரு வரியைத் திருத்தினால் அதன் பழைய வடிவம் டேபிளிலேயே தங்கும். அதைச் சுத்தம் செய்யும் வேலை இது. இது சரியா நடக்கலைன்னா டேபிள் வீங்கி, வேகம் குறையும்.

நாலு வார இறுதி

* முதல் வாரம்: லேப்டாப்பில் இலவசமா இன்ஸ்டால் பண்ணுங்க. ஆபீஸ் டேட்டா வேண்டாம். அப்பாவின் கடைக் கணக்கோ, ரூம் மெஸ் கணக்கோ போதும்.
* இரண்டாம் வாரம்: மெதுவா ஓடும் ஒரு குவெரியை ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ போட்டு, இண்டெக்ஸுக்கு முன், பின் நேரத்தைக் குறிச்சு வைங்க.
* மூன்றாம் வாரம்: ஜேசன்பி.
* நான்காம் வாரம்: பிஜிவெக்டர்.

எல்லாத்தையும் கிட்ஹப்பில் எழுதி வைங்க. இன்டர்வியூவில் “கோர்ஸ் முடிச்சேன்” என்பதைவிட, “இந்த குவெரி இதனால ஸ்லோவா இருந்துச்சு, இப்படிச் சரிபண்ணினேன்” என்பதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொண்ணு, ஆரக்கிளை மறந்துடாதீங்க. பழைய சிஸ்டத்தைப் புதுசுக்கு மாற்ற, ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் வேணும். சோமனூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்க... தறி எத்தனை முறை மாறினாலும் பாவும் ஊடையும் மாறலை!