விடுமுறைக்கு வந்த செவிலிய மாணவி

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு வட்டாரத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நோய் தீர உட்கொள்வது ஒன்று. பட்டாசுக் குழாய்க்குள் செலுத்தப்படும் வெடிக்கலவை மற்றொன்று. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதி வீடுகளில் இரண்டும் ஒரே மூச்சில் பேசப்படும். எது எந்த மருந்து என்பதில் அங்குள்ள சிறு குழந்தைக்கும் குழப்பம் வருவதில்லை.

தாயில்பட்டியில் ஒரு வீட்டில் தாய்க்கு ஒரு மருந்து, மகளுக்கு ஒரு மருந்து. தாய் பதினெட்டு ஆண்டுகளாகப் பட்டாசு ஆலைக்குச் செல்பவர். ‘பயர் ஆபீஸ்’ என்பது அவர் வாய்மொழி. மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. மூச்சிரைப்புக்காக என்னிடம் சிகிச்சை பெறும் தாயுடன், சென்ற பங்குனி விடுமுறையில், துணையாக மகளும் வந்திருந்தார். விடுமுறை எவ்வாறு கழிகிறது என்று வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டேன். “எங்க சார் கழியுது? வார்டில இருந்தா எட்டு மணி நேரத்தில ட்யூட்டி முடிஞ்சிரும்” என்றார். தாய் சிரித்தார்; சிரிப்பு இருமலில் முடிந்தது. அவர்கள் இருவரின் இசைவோடும், பெயர் குறிப்பிடாமலும் இதை எழுதுகிறேன். மருத்துவமோ செவிலியமோ இயன்முறை மருத்துவமோ பயிலும் பிள்ளையொன்று நம் வாசகர்களில் பலருடைய குடும்பங்களிலும் இப்போது இருக்கக்கூடும்.

முன்பு இந்நிலை இல்லை. மருத்துவம் பயில வேண்டுமெனில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ செல்லவேண்டியிருந்தது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. செவிலியப் படிப்புக்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே வழி. இவையெல்லாம் சேர்ந்து, பட்டாசு ஆலைக்கு வேன் ஏறும் தெருவிலிருந்தே வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் புறப்படத் தொடங்கியுள்ளனர். எனவே அவர்கள் விடுமுறைக்குத் திரும்பி வரும்போது அந்தத் தெரு அவர்களை என்ன செய்கிறது என்பது பேசத்தக்க செய்தியாகிறது.

மேலை நாடுகளில் மார்ச் மாத வாக்கில் மாணவர்களுக்கு ஒரு வார வசந்த விடுமுறை அளிப்பர்; பனி உருகும் பருவம் அது. நமக்கு இளவேனில் என்பது ஏட்டுச் சொல். பங்குனி பிறந்ததுமே கரிசல் மண் வாய் பிளக்கத் தொடங்கிவிடும். ஒருபுறம் விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். மறுபுறம் தீபாவளியை எதிர்நோக்கி ஆலைகளில் வேலை. வெயில் ஏற ஏற வேதிப்பொருள்களைக் கையாள்வதில் ஆபத்தும் ஏறும் என்பதை அங்குள்ளோர்க்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

மாணவியின் நாள் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. ஏழு மணி வேனுக்குத் தாயை அனுப்ப வேண்டும். சோறு வடித்துத் தூக்குச்சட்டியில் அடைத்தல், குடிநீர் பிடித்தல், தம்பியை எழுப்புதல் யாவும் அவர் பொறுப்பு. தாய் உடுத்தும் சேலையைப் பார்ப்பதும் அவர் வேலையாம். நைலான் கலந்த துணி உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். வெடிக்கலவைக்கு அந்தச் சிறு பொறியே போதும். ஆகையால் பருத்திச் சேலைதான். “கல்லூரியில் நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு பாடம் நடத்தும்போது, வேலைக்குத் தக்க உடை என்பது எனக்கு மட்டும் புதிதாகப்படவில்லை” என்றார். நல்ல ஆசிரியருக்குரிய கவனிப்பு இது.

வேன் சென்றதும் தெரு வந்துவிடும்.

முதலில் வருபவர் எதிர்வீட்டு அப்பத்தா. மடியில் மாத்திரை அட்டைகள் நான்கு. இரண்டில் பெயர் எழுதிய பக்கம் கிழிந்துபோயிருக்கும். “ஏ தாயி, இதுல சக்கரைக்கு எது, கொதிப்புக்கு எது?” பின்னர்ப் பெரியம்மா ஒருவர் மருமகளின் ஸ்கேன் அறிக்கையோடு வருவார். அடுத்து ஒரு மாமா; மூன்று நாள் காய்ச்சல், “ஒரு ஊசி மட்டும் போட்டுவிடு”. ஊசி போடத் தெரியும் என்பது உண்மை. மருத்துவரின் எழுத்தாணையின்றிப் போடக்கூடாது என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் தெரு அறியும். மறுத்தால், “படிச்ச திமிர்” என்ற பேச்சு தாயின் காதுக்கு ஆலை வேனிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

என் மாணவப் பருவத்திலும் இப்படித்தான். விடுமுறையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போனால், பந்தியில் அமர்வதற்குள் ஓர் எக்ஸ்ரே படத்தை எவரேனும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்கள். முதலாம் ஆண்டில் நாங்கள் கற்றது எலும்புகளின் பெயர்களைத்தான். ஆயினும் பொருள் சொல்லியே ஆகவேண்டும். இத்தகைய சூழலில் ஒரு மாணவர் கற்றுக்கொள்ளக்கூடிய மிகப் பயனுள்ள தொடர், “எனக்குத் தெரியாது, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்” என்பது. குடும்பத்தார் இதைக் கைவிரிப்பாக எடுத்துக்கொள்கின்றனர். என் கருத்து வேறு. எதை இன்றே காட்டவேண்டும், எது நாளைவரை பொறுக்கும் என்று பிரித்தறியத்தான் நான்காண்டுப் படிப்பின் பெரும்பகுதி செலவாகிறது. அவர் “இன்றே” என்றால், அந்தச் சொல்லை மதியுங்கள்.

இரண்டாம் வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டில் சோறு வடிக்கையில் கொதிகஞ்சி சாய்ந்து, மூன்று வயதுச் சிறுவனின் முன்கையில் கொட்டிவிட்டது. மாணவி ஓடியபோது ஒருவர் பற்பசைக் குழாயோடும், ஒருவர் பேனா மையோடும், ஒருவர் இட்லி மாவுக் கிண்ணத்தோடும் நின்றிருந்தனர். அவர் எதையும் தொடவிடவில்லை. குழந்தையின் கையிலிருந்த வெள்ளிக் காப்பையும் கயிற்றையும் முதலில் கழற்றினார்; வீக்கம் ஏறிய பின் அவை கழலா. குழந்தையைத் தூக்கிக் குழாயடியில் வைத்து, சாதாரணத் தண்ணீரைக் கையில் மட்டும் படும்படி மெல்ல ஓடவிட்டார். இருபது நிமிடம். கதறும் குழந்தையை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நிற்பது எத்தகையது என்பதை நின்றவரே அறிவர். “பிள்ளைக்குச் சளி பிடிக்கும்”, “குடிதண்ணியை இப்படிக் கொட்டலாமா” என்று சுற்றிலும் குரல்கள். உடம்பின் பிற பகுதிகளை உலர்ந்த துண்டால் போர்த்தியிருந்தார். பிறகு துவைத்த பருத்தித் துணியால் புண்ணைத் தளர்வாக மூடி, 108-க்கு அழைத்தார்.

அவர் செய்தது அனைத்தும் சரி, காரணங்களையும் சொல்கிறேன். நெருப்பு விலகிய பின்னும் தோலுக்கடியில் சூடு நின்று திசுவை வேகவைத்துக்கொண்டேயிருக்கும். ஓடும் நீர் அச்சூட்டை வெளியே இழுக்கிறது. காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. பனிக்கட்டி வைக்கலாகாது, இரத்தக் குழாய்கள் சுருங்கிப் புண் ஆழமாகும். பற்பசை, மை, மாவு, எண்ணெய், மஞ்சள் ஆகியவை சூட்டை உள்ளேயே அடைக்கும், கிருமிக்கு இடந்தரும், அதற்குமேல், புண்ணின் ஆழத்தை மருத்துவர் காணமுடியாமல் மறைக்கும். அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தை படும் வேதனை, சுட்டபோது பட்டதைவிடக் குறைவன்று. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். குழந்தைக்குச் சுட்டால், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்புப் பகுதியில் சுட்டால், உள்ளங்கையைவிடப் பெரிய பரப்பில் சுட்டால், வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டாம். பட்டாசு விபத்தாயின் இன்னொன்று: தோலில் புண் சிறிதாயிருந்தாலும், மூடிய அறைக்குள் புகையில் சிக்கியவருக்குக் குரல் கம்மினாலோ, மூக்குமுடி கருகியிருந்தாலோ, சளியில் கரி வந்தாலோ மூச்சுக்குழல் வெந்திருக்கக்கூடும். அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கொண்டுவந்துவிட வேண்டும். சில மணி நேரத்தில் அக்குழல் வீங்கி அடைத்துவிடும்.

நண்பகலுக்குப் பின் தெரு அடங்கும். அப்போது பாடப்புத்தகத்தைத் திறப்பார். புதிய பாடத்திட்டப்படி பருவமுறைத் தேர்வு. விடுமுறை முடிந்ததும் தேர்வு நெருங்கிவிடும். திறந்த புத்தகத்தின்மேலேயே உறங்கிவிடுவதாகச் சொன்னார். இரவுப் பணியால் உறக்கக் கடன் சேர்ந்து வரும் உடம்பு அது. வந்த முதல் மூன்று நாள்களேனும் அவரை எழுப்பாதீர்கள் என்பது, நோயாளிக்கு எழுதித் தருவதுபோல் நான் குடும்பத்தாருக்கு எழுதித் தரும் சீட்டு.

இனி, அவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு வருகிறேன். எஞ்சிய பத்து நாள் தாயோடு ஆலைக்குச் சென்றால் அடுத்த பருவக் கட்டணத்தில் ஒரு பகுதி சேரும். போகலாமா? தாய் உடனே, “அந்தப் பேச்சே வேண்டாம்னு சொல்லிட்டேன் சார்” என்றார். தாய்க்கு ஆலையைப் பற்றி நான் எதைச் சொல்லிவிடப்போகிறேன்? 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி விபத்தில் மாண்டோர் முப்பதுக்கும் மேற்பட்டோர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். அங்கு இறந்தோரில் கல்லூரியில் படித்துக்கொண்டே வேலைக்குப் போனவரும் உண்டு. அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே, வீட்டில் வைத்துப் பட்டாசு செய்தபோது நேர்ந்த வெடிப்பில் குழந்தை உட்பட உயிர்கள் போயின. கூலி வேண்டாமென்று கூறும் உரிமை மாதச் சம்பளம் பெறும் எனக்கு இல்லை. ஆனால் மருத்துவன் என்ற முறையில் ஒரு வேறுபாட்டைக் காட்டமுடியும். வெறுங்காகிதக் குழாய் உருட்டுவது வேறு. மருந்து தொடுவது வேறு. பழகாத கை பத்து நாள் பழகுவதற்குரிய இடமன்று கலவை அறை. மருந்து ஒருபோதும் வீட்டுக்குள் வரக்கூடாது. மீந்த கலவை ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். மாணவி வீட்டில் அமர்ந்து குழாய் உருட்டினார். விரல்களில் பசை காய்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

குழாய் உருட்டும் நேரத்தில்தான், தாயின் இன்ஹேலர் முறையையும் கவனித்திருக்கிறார். மருந்தை வாய்க்குள் பீய்ச்சிவிட்டு உடனே தாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மருந்து நுரையீரலுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மகள் திருத்தினார். குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, அழுத்தும் அதே கணத்தில் மெதுவாக ஆழ உள்ளிழுத்து, பத்து எண்ணும்வரை அடக்குதல்; முடிந்ததும் வாய் கொப்பளித்தல். பத்து நாளில் இரவு இருமல் பாதியாய்க் குறைந்ததாகத் தாய் சொன்னார். எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே அரிது. மகளுக்கு நாள் முழுதும் கிடைத்தது. தாய் ஆலையில் தண்ணீரே குடிப்பதில்லை என்பதையும் அவரே கண்டுபிடித்தார். கழிப்பறைக்குப் போக நேருமே என்ற தயக்கம். அடிக்கடி வந்த சிறுநீர்த் தொற்றுக்குக் காரணம் அதுவாயிருக்கலாம்.

விடுமுறையில் ஒருநாள் அவர் தமக்கென்று எடுத்துக்கொண்டார். தம்பியை அழைத்துக்கொண்டு வைப்பாற்றங்கரையில் விசயகரிசல்குளத்து அகழாய்வு இடத்தைப் பார்க்கச் சென்றாராம். 2022-இல் அங்கு தோண்டத் தொடங்கிய பின் சங்கு வளையல் துண்டுகளும் மணிகளும் கிடைத்துள்ளன. “அந்தக் காலத்திலும் இங்க கைவேலைதான் சார்” என்றார்.

மாலை வேளைகளில் தெருவில் இரத்த அழுத்தம் பார்த்தார். தேநீர் குடித்து அரைமணி கழிந்திருக்கவேண்டும், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவேண்டும், பாதம் தரையில் படவேண்டும் என்று விதி வைத்தார். பேசாமல் உட்காருவதுதான் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கடினமாயிற்றாம். ஒருமுறை கூடுதலாக இருந்தால் நோய் என்று சொல்லாமல், வெவ்வேறு நாள்களில் மும்முறை பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தார். பதினான்கு பேர். கல்லூரிக்குத் திரும்பும் முன் நான்கு பெயர்களின் கீழ்க் கோடிட்டு, அப்பக்கங்களைக் கிழித்து அவரவரிடம் கொடுத்துச் சென்றிருக்கிறார். அவர்களுள் மூவர் சென்ற வாரம் அந்தத் தாள்களோடு நம் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தனர். நான்காமவர் அந்த அப்பத்தா. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பியுள்ளார்.