அம்மை என்று நினைத்த ஜுரம்

குழந்தைக்கு ஜுரம் வந்தால் இரண்டு மூன்று நாள் பார்ப்பது வழக்கம். பக்கத்துத் தெரு டாக்டரிடம் மருந்து வாங்கிக் கொடுப்பார்கள். நான்காம் நாள் உடம்பில் சிவப்புத் தடிப்பு கிளம்பி, கண்ணும் சிவந்துவிட்டால், "அம்மை போட்டிருக்கிறது" என்று வாசலில் வேப்பிலை செருகிவிடுகிற வீடுகள் ஊரை விட்டு எத்தனை நூறு மைல் வந்தாலும் உண்டு. அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. பார்வைக்குத் தட்டம்மை போலத்தான் இருக்கும். ஆனால் அது கவாசாகி நோயாக இருந்தால், சும்மா கழிகிற ஒவ்வொரு நாளும் குழந்தையின் இருதயத்துக்கு நஷ்டம்.

மோட்டார் சைக்கிள் கம்பெனிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. டாக்டர் டோமிசாகு கவாசாகி, டோக்கியோ செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரியில் குழந்தை வைத்தியராக இருந்தவர். 1961 ஜனவரியில் நான்கு வயதுப் பையன் ஒருவன் அவரிடம் வந்தான். விடாத ஜுரம், சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு. படித்த நோய் எதிலும் அது சேரவில்லை. பையன் குணமாகி வீடு திரும்பியபோது, நோயின் பெயர் "தெரியவில்லை" என்றே எழுதி அனுப்பினார். மறு ஆண்டு அதே அடையாளங்களுடன் இன்னொரு குழந்தை வந்தது. அதன் பிறகு அவர் விடவில்லை. ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து, 50 குழந்தைகளின் விவரத்தை 1967ல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். 1974ல் ஆங்கிலத்தில் வந்த பிறகே மற்ற நாடுகள் கவனித்தன.

தானே வந்து தானே போகும் நோய் என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஜுரம் தணிந்த சில குழந்தைகள் திடீரென்று இறந்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. இருதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் புடைத்து, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. பெரியவர்களுக்கு மாரடைப்பு வருவதும் இதே குழாய்கள் அடைபடுவதால்தான். இந்நோயில் குழாயின் சுவர் அழற்சி கண்டு பலவீனப்படுகிறது. பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைப்பது போலப் புடைக்கிறது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது. கவாசாகி 2020ல் தமது 95வது வயதில் காலமானார். நோயின் மூல காரணம் அவர் காலத்திலும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஒட்டுவாரொட்டி அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

என்ன பார்ப்பது?

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்துவிட முடியாது. அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஐந்து நாளாகியும் இறங்காத கடும் ஜுரம். ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலன் இராது. இரண்டு கண்ணும் சிவக்கும், ஆனால் பீளை கட்டாது. உதடு வெடிக்கும். நாக்கு சிவந்து சிறு பருக்கள் போல மேலெழும்பி நிற்கும். கழுத்தில் நெறி கட்டும். உள்ளங்கையும் பாதமும் வீங்கி, குழந்தை காலை ஊன்ற அழும். பிறந்ததும் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு சிவந்து தடித்தால், அதை அவசியம் டாக்டரிடம் காட்ட வேண்டும். விரல் நுனியில் தோல் உரிவது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான். தோல் உரிகிறதே என்று அப்போது தூக்கிக்கொண்டு ஓடுவது காலங்கடந்த ஓட்டம்.

இவை எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. திங்களன்று வந்த தடிப்பு வியாழனன்று மறைந்திருக்கலாம். மூன்று டாக்டர் மாறினால், மூவரும் நோயின் ஒவ்வொரு துண்டைத்தான் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்தவள் தாய் ஒருத்திதான். ஆகவே ஜுரம் தொடங்கிய தேதியையும், அன்றன்று கண்டதையும் காலண்டரில் குறித்துக்கொண்டுபோய்ச் சொல்வது பெரிய உதவி. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு அடையாளம் குறைவு, ஆபத்து அதிகம்.

சிகிச்சை இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை, சலைன் ஏற்றுவது போலப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஏற்றுகிறார்கள். எடையில் கிலோவுக்கு 2 கிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு 20 கிராம். ஜுரம் தொடங்கிப் பத்து நாளுக்குள் ஏற்றினால், குழாய் புடைக்கும் ஆபத்து நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. ஊருக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயில் ஏறினால் அந்தப் பத்தில் இரண்டு நாள் போய்விடும். விலை அதிகமான மருந்து. குமாஸ்தா சம்பளத்தில் தாங்காது. எனவே இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதையும் எடுத்துக்கொண்டு, குழந்தைகள் பிரிவு உள்ள பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு நேரே போவது நல்லது. சண்டீகர் பி.ஜி.ஐ. ஆஸ்பத்திரியில் 1990களிலிருந்தே இத்தகைய குழந்தைகளைக் கவனித்து வருகிறார்கள்.

வீடு திரும்பிய பின் சில வாரம் சிறு அளவில் ஆஸ்பிரின் உண்டு. டாக்டர் சொல்லாமல் அதைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எக்கோ என்னும் இருதய ஸ்கேன் மறுபடி எடுக்க வேண்டும். குழந்தை ஓடி விளையாடுகிறதே என்று இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் வருந்த நேரிடுகிறது. தட்டம்மைத் தடுப்பூசியைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப் போடுகிறார்கள். ஊசி போட வரும் நர்சிடம் காட்ட, ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும்.