வேருக்கு மட்டும் குளிர்காலம்

குளிர்நாட்டு விவசாயிகள் கேல், பசலை போன்ற கீரைகளை உறைபனிக் காலத்திலும் பறிக்கிறார்கள். குளிர் ஏற ஏற கேல் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்வதால், பனியில் நின்ற இலைக்குச் சுவை கூடுகிறது. சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தில், வீட்டு மாடியில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? சிங்கப்பூரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே ஏறத்தாழ 19 டிகிரி செல்சியஸ்தான்.

ஆனாலும் குளிர் விரும்பும் லெட்டூஸ் இங்கே விளைந்திருக்கிறது. 1990களில் தேசியக் கல்விக் கழகப் பேராசிரியர் லீ சிங் கோங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் அதன் வேரைக் காற்றில் தொங்கவிட்டு, குளிர்ந்த சத்துநீரைப் பனிப்புகைபோல் தெளித்தார்கள். வேர் சூடானால் செடிக்கு நீர் எட்டாது, இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், ஒளிச்சேர்க்கை தளரும். வேர்ப்பகுதியை 20 டிகிரியில் வைத்தபோது, இலைகள் நம் வெக்கையில் நின்றும் செடி செழித்தது. லிம் சூ காங்கில் இதே முறையில் வணிகப் பண்ணையும் எழுந்தது. பசுமைக்குடில் முழுவதையும் குளிரூட்டத் தேவையில்லை என்பதே இதன் பெருமை.

அந்தப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். ஈர டிஷ்யூவில் மடித்த லெட்டூஸ் விதையை ஓரிரு நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விதையுங்கள். 30 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் முளைக்கத் தயங்கும். காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது. கறுப்புத் தொட்டி வெப்பத்தை இழுக்கும். வெள்ளைத் தொட்டியோ தெர்மாக்கோல் பெட்டியோ வேரைக் காக்கும். சத்துநீரில் வளர்ப்பவர்கள், உறையவைத்த தண்ணீர் பாட்டிலை நண்பகலில் அதில் இறக்கலாம். பெட்டியை இறுக மூடுங்கள்; தேங்கிய நீர் ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுத்துவிடும். செடி தண்டு நீட்டிக் கசப்பதற்குள் இளம் இலைகளாகவே பறித்துவிடுங்கள்.

முதல்முறை வளர்ப்பவர்கள் கங்கோங், தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணியில் தொடங்கட்டும். அவை வெயிலின் பிள்ளைகள், குளிர் கேட்பதில்லை.

நாட்டளவிலும் இப்படியொரு முயற்சி நடந்தது: 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூர் விளைச்சலாலேயே நிறைவுசெய்ய 2019இல் சிங்கப்பூர் இலக்கு வைத்தது. 2025 நவம்பரில் அதைக் கைவிட்டு, 2035க்குப் புதிய இலக்குகளை அறிவித்தது. உள்ளூரில் விளைவிப்பது பெரும் பண்ணைகளுக்கே கடினமான வேலை. வீட்டுத் தொட்டி நாட்டுக்குச் சோறு போடாது. ஆனால் ஒரு கீரையை விளைவிக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்டும். வடகிழக்குப் பருவமழை வெக்கையைச் சற்றுத் தணிக்கும் டிசம்பர், ஜனவரியில் ஒரு பெட்டி லெட்டூஸ் போட்டுப் பாருங்கள்.