எவ்வளவு போடுவது? போக்கரில் பெட் தொகையின் கணக்கு

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொடும்பாளூர் மூவர் கோயில் புல்தரையில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா பையன் லேப்டாப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு வருஷமாக ஆன்லைனில் போக்கர் ஆடியிருக்கிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து ஆப் பண ஆட்டத்தை நிறுத்தியபோது, தான் ஆடிய கைகளின் விவரத்தை எல்லாம் டவுன்லோட் செய்து வைத்திருக்கிறான்.

"அண்ணே, நல்ல கார்டு வந்தா நிறைய போட்டேன். சுமாரா வந்தா கம்மியா போட்டேன். ஒண்ணுமில்லன்னா விட்டுட்டேன். இதுல என்ன தப்பு? எப்படிண்ணே இவ்வளவு போச்சு?"

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் சொன்ன அந்த மூன்று வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு. வழக்கமாக இங்கே கல்வெட்டு, கோயில் என்று எழுதுகிறவன் சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஹோல்டெம் போக்கரில் ஒவ்வொருவருக்கும் மூடிய சீட்டு 2. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக 5 சீட்டு திறக்கும். முதலில் 3, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. சீட்டு திறப்பதற்கு முன் ஒரு சுற்று, ஒவ்வொரு திறப்புக்குப் பிறகும் ஒரு சுற்று என்று நான்கு தடவை பணம் வைக்க வாய்ப்பு. நடுவில் சேரும் பணம்தான் பாட். ரம்மியில் எவ்வளவு பணம் என்பதை பாயின்ட் முடிவு செய்துவிடும். 'நோ லிமிட்' போக்கரில் அப்படி இல்லை, கையில் இருக்கிற அளவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். அந்த 'எவ்வளவு'தான் ஆட்டமே.

பெட் என்பது எதிராளிக்கு நாம் சொல்லும் விலை. பாட்டில் 1000 ரூபாய் இருக்கிறது, நான் 500 வைக்கிறேன் என்று வச்சுக்குவோம். எதிராளி 500 கொடுத்தால் மொத்தம் 2000 ஆகும். அவன் போட்டது அதில் கால்பங்கு. ஆகவே 25 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க வாய்ப்பிருந்தால் அவன் தொடர்வது லாபம், இல்லையென்றால் நஷ்டம். நான் 1000 வைத்தால் அந்த எல்லை 33 சதவீதம். 2000 வைத்தால் 40. வெறும் 250 வைத்தால் 17-க்குள். எவ்வளவு பெரிதாக வைத்தாலும் இந்த எண் 50-ஐத் தொடாது, ஏனென்றால் பாட்டில் ஏற்கெனவே கொஞ்சம் பணம் கிடக்கிறது.

ஒரு உதாரணம். நாலு சீட்டு திறந்தாகிவிட்டது. எதிராளிக்கு இன்னும் ஒரே ஒரு ஆர்ட்டின் வந்தால் ஃப்ளஷ், நம்மை அடித்துவிடுவான். அவன் பார்வையில் தெரியாத சீட்டு 46, அதில் ஆர்ட்டின் 9. வாய்ப்பு 19.6 சதவீதம். நான் 250 வைத்தால் அவனுக்குத் தேவை 17-க்கும் குறைவு, சந்தோஷமாகப் பார்ப்பான். 500 வைத்தால் 25 தேவை. அப்போது அவன் தொடர்ந்தால் எனக்கு லாபம் (ஃப்ளஷ் வந்தபிறகு கடைசிச் சுற்றில் என்னிடம் இன்னும் கறக்க முடியும் என்றால் அவன் கணக்கு கொஞ்சம் மாறும்). அதே சீட்டு, அதே எதிராளி. தொகை மட்டும்தான் மாறியது.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்க. என் கையில் ஒன்றுமே இல்லை, சும்மா உதார் விடுகிறேன். 1000 பாட்டுக்கு 500 வைத்தால், மூன்றில் ஒரு தடவை எதிராளி ஓடினாலே எனக்கு நஷ்டமில்லை. 1000 வைத்தால் பாதி தடவை ஓட வேண்டும். 2000 என்றால் மூன்றில் இரண்டு தடவை.

இந்த இரண்டையும் சேர்த்தால் கடைசிச் சுற்றுக்கு ஒரு விசித்திரமான விதி கிடைக்கிறது. பாட் அளவுக்கு பெட் வைக்கும் கைகளில் மூன்றில் ஒன்று உதாராக இருக்க வேண்டும். பாதி பாட் என்றால் நான்கில் ஒன்று. இரண்டு மடங்கு பாட் என்றால் ஐந்தில் இரண்டு. அதாவது தொகை பெரிதாகப் பெரிதாக உதாரின் பங்கும் கூட வேண்டும்! முதலில் படித்தபோது எனக்கே இது தலைகீழாகத் தெரிந்தது. யோசித்தால் புரியும்: பெரிய தொகைக்கு எதிராளி தொடர 40 சதவீத வாய்ப்பு தேவை. நான் அந்த அளவுக்கு உதார் கலக்காவிட்டால் அவன் ஒவ்வொரு தடவையும் மடித்துவிட்டுப் போவான், என் நல்ல கைக்குப் பத்துப் பைசா கிடைக்காது.

தம்பிக்கு நடந்தது அதேதான். ஒரு சின்ன நிரல் எழுதி அவன் கைகளைப் பிரித்துப் பார்த்தேன். பெரிய பெட் வைத்த இடங்களில் உதார் என்று ஒன்றைக்கூடத் தேடிப்பிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அவனோடு ஆடியவர்களுக்கே அது தெரிந்திருக்கும். பெரிதாக வைத்தால் எல்லாரும் ஓடினார்கள். சின்னதாக வைத்தால் 'இவனிடம் சுமார் கை' என்று மேலே ஏற்றி அவனை ஓட்டினார்கள். சீட்டை மூடி வைத்துக்கொண்டு தொகையால் திறந்து காட்டியிருக்கிறான்.

மணப்பாறை மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விலை வெளியே தெரிந்தால் பேரம் கெட்டது. போக்கரில் துண்டு கிடையாது. விலையை எல்லார் எதிரிலும் சொல்லியாக வேண்டும். அதனால் ஒரே விலைக்குப் பின்னால் இரண்டு விதமான கைகளை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. கையைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யக்கூடாது. நடுவில் திறந்திருக்கும் சீட்டையும் நிலவரத்தையும் பார்த்துத் தொகையை முடிவு செய்து, அந்தத் தொகைக்குள் நல்லதையும் மோசத்தையும் கலக்க வேண்டும்.

நிலவரம் என்றால்? ஏஸ், 7, 2 என்று மூன்றும் வேறு வேறு ஜாதியில் திறந்தால், முதலில் ஏற்றியவரிடம் ஏஸ் இருக்க வாய்ப்பு அதிகம், எதிராளிக்கு அடுத்த சீட்டில் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது. அங்கே பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும், நிறைய கைகளோடு வைக்கலாம். 9, 8, 7 என்று வரிசையாக, இரண்டு ஒரே ஜாதியில் திறந்தால் கதை வேறு. எதிராளிக்கு வரக்கூடிய சீட்டு ஏராளம், இலவசமாகப் பார்க்க விடக்கூடாது. பெரிதாக, ஆனால் குறைவான கைகளோடு வைக்க வேண்டும். நடுத்தரக் கை இருந்தால் பெரும்பாலும் பேசாமல் இருப்பது நல்லது. மிக நல்ல கையோடும் மிக மோசமான கையோடும் பெட் வை, நடுவில் இருப்பதைச் சும்மா விடு என்பதை ஜான் வான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944 புத்தகத்தில் ஒரு எளிய போக்கர் மாதிரியை வைத்து நிறுவிவிட்டார்கள். தம்பி செய்தது நேர் எதிர்: மோசத்தை விட்டுவிட்டு நடுத்தரத்தோடு வைத்தான்.

இன்னொரு விஷயம், சுற்றுகளுக்கு இடையிலான திட்டம். பாட்டில் 100, இருவர் கையிலும் 1300, மூன்று சுற்று பாக்கி. நல்ல கை இருந்தால் கடைசிக்குள் அந்த 1300 முழுவதும் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பாட் அளவு வைத்தால் 100, 300, 900. கூட்டினால் சரியாக 1300. பாட் 100, 300, 900, 2700 என்று மூன்று மூன்று மடங்காகப் பெருகுகிறது. பாதிப் பாட்டாக வைத்தால் 50, 100, 200 என்று 350-தான் உள்ளே போகும். முதல் சுற்றில் கூச்சப்பட்டு வைத்த சின்னத் தொகை கடைசிச் சுற்றில் ஆயிரமாகக் குறைகிறது. கூட்டுவட்டி போடத் தெரிந்தவர்களுக்குப் பழகிய கணக்குதான்.

மனிதர்கள் இந்தத் தொகைகளை எவ்வளவு குறுகலாகப் பழகி வைத்திருந்தார்கள் என்பது 2017 ஜனவரியில் தெரிந்தது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுன், டுவோமஸ் சாண்ட்ஹோம் இருவரும் எழுதிய லிப்ரேடஸ் நிரல், பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 கை ஆடி ஜெயித்தது. பாட்டைப் போலப் பல மடங்கு பெட்களை அது தயங்காமல் வைத்தது. எனக்குப் பிடித்தது வேறு. எல்லாத் தொகைக்கும் முன்கூட்டியே விடை கணக்கிட முடியாது என்பதால் அது சில தொகைகளுக்குத்தான் கணக்கு வைத்திருந்தது. எதிராளிகள் இடைப்பட்ட தொகைகளை வைத்து ஓட்டை தேடினார்கள். அவர்கள் தூங்கப் போன பிறகு, எந்தத் தொகையில் ஓட்டை பெரிதாக இருக்கிறதோ அதற்குப் புதிதாகக் கணக்குப் போட்டு அடைத்துவிட்டு மறுநாள் வந்து உட்கார்ந்தது. நம் ஆப்களில் திரையில் பாதிப் பாட், முழுப் பாட், ஆல் இன் என்று பட்டன் இருக்கும். தம்பி அந்தப் பட்டன்களைத் தாண்டி யோசித்ததே இல்லை.

எதிராளி பெட் வைத்தால் நமக்கு முன்னால் மடி, தொடர், ஏற்று என்று மூன்று வழி. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் மறையவர், கொடும்பைக் குளக்கரையில் பாதை சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறார். அது எங்கள் ஊர்தான். தம்பியிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.

"அப்போ சரியா பெட் பண்ணியிருந்தா ஜெயிச்சிருப்பேனாண்ணே?"

இங்கேதான் இரண்டாவது 'எவ்வளவு' வருகிறது: கையிருப்பில் எவ்வளவு பங்கை மேசைக்குக் கொண்டுபோவது. பெல் லேப்ஸில் இருந்த ஜே.எல். கெல்லி 1956-இல் இதற்கு விடை எழுதினார். உங்களுக்குச் சாதகமான ஒரு நாணயம், 100-க்கு 55 தடவை நீங்கள் ஜெயிப்பீர்கள், போட்டதற்குச் சமமாகக் கிடைக்கும். கெல்லி கணக்குப்படி ஒவ்வொரு தடவையும் கையிருப்பில் 10 சதவீதம் வைக்க வேண்டும். 1 லட்சத்தோடு தொடங்கி 100 தடவை ஆடி 55 ஜெயித்து 45 தோற்றால் சுமார் 1,65,000 ஆகியிருக்கும். 20 சதவீதம் வைத்தால் அதே 55 வெற்றிக்கு 98,600 ரூபாய்தான் மிஞ்சும். ஒவ்வொரு தடவையும் பாதியை வைத்தால்? 14 ரூபாய். லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை, வெறும் 14 ரூபாய். நாணயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே இப்படி. தம்பி மாசம் பிறந்தால் பாதிச் சம்பளத்தை ஒரே மேசைக்குக் கொண்டுபோவான். தோற்றால் விட்டதைப் பிடிக்க இன்னும் பெரிய மேசை.

அவன் நாணயம் அவன் பக்கமும் இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஆப் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். 5 சதவீதம்னு வச்சுக்குவோம். 1000 பாட்டுக்கு 1000 பெட், 1000 கொடுத்துத் தொடர்ந்தால் 3000 ஆகும், ஆனால் ஜெயிப்பவனுக்குக் கிடைப்பது 2850. தேவைப்படும் 33 சதவீதம் 35 ஆகிவிடுகிறது. ஒரே திறமை உள்ளவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் கடைசியில் எல்லாருமே தோற்பார்கள். 2023 அக்டோபரிலிருந்து கட்டிய பணத்துக்கே 28 சதவீத ஜிஎஸ்டி வேறு இருந்தது.

போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்றுதான் நீதிமன்றங்களில் வருஷக்கணக்காக வழக்கு. தமிழ்நாட்டின் 2021 தடைச் சட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. 2023-இல் வந்த புதிய சட்டத்தை அதே நீதிமன்றம் அந்த நவம்பரில் ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சொன்ன அட்டவணையை மட்டும் நீக்கியது. 2025-இன் மத்திய சட்டம் திறமையோ இல்லையோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் போக்கர் திறமை ஆட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஏன் ஆடுபவருக்கு ஆதரவான வாதமாகப் பார்க்கப்படுகிறது என்பதுதான் புரியவில்லை. லாட்டரியில் தோல்வி எல்லார் மேலும் சமமாக விழும். திறமை ஆட்டத்தில் அது ஒரே பக்கமாக ஓடும்: நாலு மேசையை ஒரே சமயத்தில் திறந்து வைத்துக் கணக்குப் போட்டு ஆடுகிறவனை நோக்கி, ஷிஃப்ட் முடிந்து வந்து ராத்திரி 12 மணிக்கு ஃபோனைத் திறக்கிறவனிடமிருந்து.

தம்பியிடம் இதை இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. "சரியா பெட் பண்ணியிருந்தா மெதுவா தோத்திருப்படா" என்றேன். கொஞ்ச நேரம் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணமும் அதில் போய்விட்டது, இன்னும் 7 தவணை பாக்கி, சித்தப்பாவுக்குத் தெரியாது என்றான். இரண்டு பேருமாக எழுந்து வீட்டுக்கு நடந்தோம். முதலில் யார் பேச்சை எடுப்பது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம்.